லிட்டருக்கு 26: அந்தக் கணக்கு எங்கே கரைகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. நான்கு மீட்டருக்கு மேல் நீளாத, 1,200 சிசியைத் தாண்டாத பெட்ரோல் கார்களுக்கெல்லாம் இந்தச் சலுகை உண்டு. விலை இறங்கியதே தவிர, ஷோரூமில் கேட்கப்படும் முதல் கேள்வி மாறவில்லை: "எவ்வளவு கொடுக்கும்?" மாருதி சுஸுகி செலேரியோவின் விஎக்ஸ்ஐ ஏஎம்டி மாடலுக்கு அச்சில் இருக்கும் பதில், லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர். அதே வண்டியை வேளச்சேரியிலிருந்து அண்ணா சாலைக்குத் தினமும் நெரிசலில் ஓட்டிவிட்டுக் கணக்குப் போட்டால் 16-ஐ ஒட்டி வந்து நிற்கலாம். அப்படியானால் கம்பெனி பொய் சொல்கிறதா?

பொய் இல்லை. ஆனால் அந்த 26.68 பிறந்த இடம் சாலையே அல்ல, சோதனைக்கூடம். சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, 1,180 விநாடி, எழுதிவைத்த வேகங்களில் ஓட்டி எடுத்த எண் அது. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். மேடு இல்லை, மாடு இல்லை, ஏசியும் போடுவதில்லை. எல்லாக் கார்களுக்கும் ஒரே பரீட்சை என்பதால் இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும். பெட்ரோல் செலவுக்கு மாத பட்ஜெட் போட உதவாது.

மீதி எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. ஆள் ஏறிய செலேரியோ ஒன்று சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக, தோராயமாக 2 கிலோவாட் திறன் போதும். அதன் ஒரு லிட்டர் இன்ஜின் தரக்கூடியதோ கிட்டத்தட்ட 49 கிலோவாட். அதாவது நகரத்துக்குள் இந்தச் 'சின்ன' இன்ஜின்கூடத் தன் பலத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது. மீதிப் பலத்தை அடக்கி வைத்தாக வேண்டும். அடக்கி வைப்பதற்கும் பெட்ரோல் செலவாகிறது.

வேகம் வேண்டாம் என்றால் பெட்ரோலை மட்டும் குறைத்துக்கொள்ள முடியாதா? பெட்ரோல் இன்ஜினில் முடியாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14 பங்கு காற்று என்ற எடைக்கணக்கு பிசகினால், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆகவே பெட்ரோலைக் குறைக்கக் காற்றையும் குறைக்க வேண்டும். அதற்காகக் காற்று வரும் வழியில் ஒரு வட்டத் தகடு, த்ராட்டில், குறுக்கே படுத்துக்கொள்கிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் தகடு லேசாகத் திறக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று தாராளமாக வராது. தகட்டுக்கு அந்தப் பக்கம் பாதி வெற்றிடம். அதை எதிர்த்துப் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டி இறங்குகிறது. 1,500 சுழற்சியில் மூன்று சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 37 முறைக்கு மேல் இந்த மல்லுக்கட்டு நடக்கிறது.

இளநீர்க் குழலை இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் ஒட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், வாய்க்கு வருவதோ இரண்டு சொட்டு. பெரிய இன்ஜின் என்பது பெரிய வாய். அதே இரண்டு சொட்டு போதும் என்றால் குழலை இன்னும் இறுக்கி நசுக்க வேண்டும், கன்னம் இன்னும் ஒட்டும். சின்ன வாய்க்காரனுக்கு அவ்வளவு நசுக்கல் தேவையில்லை. அவசர அவசரமாகப் பத்து முறை உறிஞ்சுகிறவனைவிட, நசுக்கலைத் தளர்த்தி நிதானமாக நான்கு முறை உறிஞ்சுகிறவன் குறைவாகவே களைப்பான். டீசல்காரனோ குழலை நசுக்குவதே இல்லை. முழு மிடறு இழுத்துவிட்டு, சர்க்கரையை மட்டும் அளந்து போட்டுக்கொள்கிறான். (இளநீருக்கு எதற்குச் சர்க்கரை என்று கேட்காதீர்கள்.)

அந்த 'நான்கு முறை' சமாசாரம்தான் ஏஎம்டியின் ரகசியமும். ஆட்டோமேட்டிக் என்றால் மைலேஜ் போய்விடும் என்பது பழைய பேச்சு. ஏஎம்டிக்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஒரு யந்திரக் கை பொருத்தியிருக்கிறார்கள். அதை ஆட்டுவிக்கும் கணினி, மனித ஓட்டுநரைவிடச் சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும். சுழற்சி குறைகிறது, அதே திறனைத் தர ஒவ்வொரு மிடறும் பெரிதாக வேண்டும், த்ராட்டில் தானாக அகலத் திறக்கிறது. அதே செலேரியோ மேனுவலுக்கு 25.24, ஏஎம்டிக்கு 26.68 என்று வருவதில் இந்த அவசரக் கியருக்குப் பெரிய பங்கு உண்டு. பதிலுக்கு, கியர் மாறும்போதெல்லாம் பயணிகள் ஒரு முறை தலையாட்ட வேண்டியிருக்கும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலும் மூன்று சிலிண்டர்தான், 796 சிசி. 2008-இல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று ஊரே கொண்டாடிய டாடா நானோவில் இரண்டு சிலிண்டர், 624 சிசி. விலையும் மைலேஜும் மட்டுமே காரை விற்றுவிடாது என்பதற்கு அது பாடமாயிற்று. 2014-இல் வந்த முதல் செலேரியோதான் மலிவு விலைக் கார்களுக்கு ஏஎம்டியைக் கொண்டுவந்தது. இது போதும்.

இனி சிக்னலுக்கு வருவோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை ஒரு முறை நிறுத்தினால், அதன் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. மறுபடி அந்த வேகத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 10 மில்லி பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு 26.68 என்றால் கிலோமீட்டருக்கு 37 மில்லி. கிலோமீட்டருக்கு மூன்று முறை நின்று கிளம்பினால் அதற்கே 30 மில்லி! இதற்குமேல் ஏசி. வெயில் காலத்தில் அதன் கம்ப்ரஸர், சக்கரங்கள் கேட்கும் அதே 2 கிலோவாட்டைக் கேட்கும். சிக்னலில் இன்ஜினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை விளம்பரம் கொண்டாடுகிறது. ஆனால் உள்ளே சூடேறினால் ஏசிக்காக இன்ஜின் திரும்ப எழுந்துவிடும், மே மாதத்துச் சென்னையில் அதற்கு ஓய்வு குறைவு. போதாக்குறைக்கு, எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது.

ஆக, இப்படிப்பட்ட சின்ன கார் நகரத்துக்குச் சரியான வாகனமா? சரிதான். பெரிய இன்ஜினை நசுக்கி ஓட்டுவதைவிட இது புத்திசாலித்தனம். ஆனால் இரண்டு சின்ன கார்களுக்கு நடுவே லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 16-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடு நான்கு லிட்டர் சொச்சம், சுமார் 400 ரூபாய். எத்தனை ஏர்பேக், மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம், பின் சீட்டில் முழங்கால் இடிக்கிறதா என்பவை அதைவிடப் பெரிய கேள்விகள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிறு காலை காலி ரோட்டில் கூப்பிட்டால் போகாதீர்கள். வேலை நாளில் மாலை ஆறரை மணிக்கு, வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலமும் ஏறிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.