பூட்டிய பெட்டியும் திறந்த பட்டறையும்

2025 அக்டோபர் 14!

அன்று கதவடைப்பு இல்லை, கடையடைப்பு இல்லை, கண்டன ஊர்வலமும் இல்லை. ஆகவே தோழர்களில் பலர் அந்த நாளைக் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் அன்றுதான், 2015 இல் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளை இயக்கிவந்த 'விண்டோஸ் 10' என்ற இயங்குதளத்துக்கு இனி வழக்கமான பராமரிப்பு இல்லை என்று மைக்ரோசாப்ட் கம்பெனி கைகழுவிக்கொண்டது.

கணினி அதனால் நின்றுவிட்டதா? இல்லை. இன்றும் ஓடத்தான் ஓடுகிறது. ஆனால் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் அடைக்க இனி ஆள் வரமாட்டான். திருடன் மட்டும் வருவான்! வேண்டுமானால் ஓராண்டுத் தவணை, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, நிபந்தனைகளோடு உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு?

'விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்' என்பது அவர்கள் தரும் விடை. மாறலாம்தான். ஆனால் அதை ஏற்க 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமாம். 2018-க்கு முன்பு வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறா. ஆகவே பழையதைத் தூக்கி எறி, புதியதை வாங்கு என்பதுதான் உத்தரவின் உட்பொருள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தறியைப் பார்த்து, அதைச் செய்து விற்றவன், 'வயதாகிவிட்டது, எடைக்குப் போடு' என்று சொன்னால் நெசவாளி என்ன கேட்பான்? 'தறி என்னுடையதா, உன்னுடையதா?' என்று கேட்பான். அந்தக் கேள்வியைத்தான் இன்று கணினியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. சங்க அலுவலகத்திலும், படிப்பகத்திலும், பிள்ளை படிக்கும் மேசையிலும் இருக்கிற அந்தப் பெட்டி யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தவர் நாம். கட்டளை இடுகிறவரோ கடல்கடந்து இருக்கிறார்!

இதற்கு மாற்று உண்டா? உண்டு. லினக்ஸ் என்பது அதன் பெயர்.

பிரிண்டர் மூட்டிய தீ

இந்த மாற்று பிறந்த கதை தொழிலாளிக்கு எளிதில் விளங்கும் கதை. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற நிரலாளர் வேலை பார்த்தார். அங்கே ஜெராக்ஸ் கம்பெனியின் புதிய பிரிண்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டரில் இப்படி நேர்ந்தபோது, சிக்கியதை எல்லோருக்கும் அறிவிக்கும்படி ஸ்டால்மன் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதையும் அப்படியே திருத்தலாம் என்று பார்த்தால் நிரலின் மூலம் கைக்குக் கிடைக்கவில்லை. அது யாரிடம் இருக்கிறது என்று அறிந்து, வேறொரு பல்கலைக்கழகத்தில் அவரைத் தேடிப்போய்க் கேட்டார். 'தரமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்' என்று அவர் மறுத்துவிட்டார்.

பழுது தெரிகிறது, திருத்தத் திறமையும் இருக்கிறது, திருத்தும் உரிமை மட்டும் இல்லை! இயந்திரத்தோடு வாழ்கிறவனுக்கு இதைவிட எரிச்சலூட்டுவது எது?

1983 செப்டம்பரில் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தலாம், யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிலையில் முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 'குனு' என்று அதற்குப் பெயர் வைத்தார். 1989 இல் அதற்கென்று உரிமம் ஒன்றையும் வகுத்தார். அதன் சாரம் இதுதான்: எடுத்துக்கொள், திருத்து, ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது அதன் மூலத்தையும், உனக்குக் கிடைத்த அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடு. பொதுக் கிணற்றில் யாரும் இறைக்கலாம், வேலி மட்டும் போடக்கூடாது என்பது போன்ற ஏற்பாடு!

கட்டடம் எழுந்தது, நடுத்தூண் மட்டும் குறையாக நின்றது. 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், 21 வயது இளைஞர், லினஸ் டார்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளக் கருவைச் செய்துவருவதாகவும், அது பெரிதாக வளராது என்றும் அடக்கத்தோடு அறிவித்தார். வளராது என்றாரே, அதுதான் லினக்ஸ்! 1992 இல் அதையும் அந்தப் பொது உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். தூண் கிடைத்தது, கட்டடம் நின்றது.

இன்று? உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் தொட்டு, 500-ம் லினக்ஸிலேயே ஓடுகின்றன. தோழரின் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் லினக்ஸ்தான். தெரியாமலே நாம் அன்றாடம் லினக்ஸைத் தடவிக்கொண்டிருக்கிறோம்!

2001 இல் மைக்ரோசாப்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய் என்று ஏசினார். 2014 இல் அதே கம்பெனியின் அடுத்த தலைவர் சத்ய நாதெல்லா, லினக்ஸை நேசிக்கிறோம் என்றார். கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்ததா? இல்லை, வாடகைக்கு விடும் கணினிக் கூடங்களில் வாடிக்கைக்காரர்கள் லினக்ஸைக் கேட்டார்கள். ஏசியவரும் ஏற்க வேண்டிய நிலை!

இலவசம் வேறு, விடுதலை வேறு

'சும்மா கிடைப்பது எப்படித் தரமாக இருக்கும்?' என்பர் சிலர். நியாயமான ஐயம். ஆங்கிலத்தில் 'இலவசம்' என்பதற்கும் 'விடுதலை' என்பதற்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே இந்தக் குழப்பம் தீரவே இல்லை. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிட்டோம்; பொருள் விளங்கிவிட்டது. விலை இல்லாமை அதன் பக்கப் பலன். கட்டு இல்லாமையே அதன் உயிர்.

உழைப்பு இல்லாமல் இது உண்டாகிவிடவும் இல்லை. தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள். இன்டெல், ரெட்ஹேட், கூகுள் போன்ற பெரும் கம்பெனிகளும் சம்பளம் கொடுத்து ஆட்களை எழுதவைக்கின்றன. ஏன்? அவர்களுக்கும் அது வேண்டும். ஆக, லினக்ஸ் ஏதோ ஏழைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட கஞ்சித்தொட்டி அல்ல. முதலாளியும் தொழிலாளியும் ஒரே குழாயில் பிடிக்கும் தண்ணீர்.

ஆழம் பார்க்கும் வழி

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். லினக்ஸில் காலை விடாமலே ஆழம் பார்க்க வழி இருக்கிறது!

நாமும் கணினிக் கல்லூரியில் படித்தவரல்லர். ஆர்வத்தால் இதில் இறங்கியவர். ஆகவே புதியவருக்குப் புதியவராகவே சொல்லுகிறோம். லினக்ஸில் பல வகைகள் உண்டு. தொடங்குகிறவருக்கு 'லினக்ஸ் மின்ட்' ஏற்றது; விண்டோஸில் பழகிய கைக்கு அதன் திரை அந்நியமாகத் தோன்றாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு. 2 ஜி.பி. ரேம் இருந்தாலே ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதி. மிகப் பழைய கணினியானால் 'எக்ஸ்.எப்.சி.இ.' என்ற எடைகுறைந்த பதிப்பை எடுக்கலாம்.

அதன் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் 'ரூபஸ்' போன்ற கருவியால் எழுத வேண்டும். வெறுமனே நகல் எடுத்துப் போட்டால் போதாது. பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிறகு கணினியை அணைத்து, அதைச் செருகி, மீண்டும் போடும்போதே எப்12 அல்லது கணினிக்கு உரிய வேறொரு விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்! உள்ளே இருக்கும் விண்டோஸ் தொடப்படாமல் இருக்க, லினக்ஸ் திரையில் வந்து நிற்கும். வைபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று எல்லாவற்றையும் சோதிக்கலாம். பிடிக்கவில்லையா? அணைத்துவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்குங்கள். பழைய விண்டோஸ் பழையபடி வரும்.

பிடித்தால் மட்டுமே நிறுவுவது. அப்போதும் முதல் வேலை, சங்கக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், குடும்பப் படங்கள் யாவற்றுக்கும் வெளியே ஒரு நகல் எடுத்துவைப்பது. இதில் சோம்பல் கூடாது! விண்டோஸின் பக்கத்திலேயே லினக்ஸுக்கு இடம் ஒதுக்கலாம். அல்லது முழு வீட்டையும் அதற்கே கொடுக்கலாம். முதல் ஆறு மாதம் இரண்டும் இருப்பது நல்லது.

முதல் நாள் திகைப்பு இருக்கத்தான் செய்யும். 'சி டிரைவ் எங்கே?' என்று தேடுவீர்கள், இராது. 'ஹோம்' என்ற அறை ஒன்று இருக்கும். நம்முடையவை எல்லாம் அதற்குள்ளே. மென்பொருளைக் கண்ட இடத்தில் இறக்கிக்கொள்ளும் பழக்கமும் இங்கே இல்லை. மென்பொருள் மேலாளர் என்ற ஒரே பண்டசாலையில் கேட்டு வாங்குவதே முறை. வேர்டுக்கும் எக்செலுக்கும் பதிலாக லிப்ரெ ஆபீஸ் இருக்கிறது. பயர்பாக்ஸ் இருக்கிறது, அதிலேயே வாட்ஸ்அப்பும் பார்க்கலாம். 1999 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளைகள் எழுத வேண்டுமே என்று அஞ்சுவோர் அஞ்ச வேண்டாம். அன்றாட வேலைக்கு அது தேவையில்லை. ஆனால் ஒன்று: பொருள் தெரியாத கட்டளையை, யார் சொன்னாலும், கண்ணை மூடிக்கொண்டு அங்கே ஒட்டாதீர்கள்.

இடையூறுகளும் உண்டு

குறைகளை மறைத்துப் பேசுவது பிரசாரமாகலாம், வழிகாட்டல் ஆகாது. போட்டோஷாப், பேஜ்மேக்கர் போன்றவற்றை நம்பித் துண்டறிக்கை அச்சிடும் தோழர்களுக்கு லினக்ஸ் உடனே உதவாது. 'ஜிம்ப்', 'இங்க்ஸ்கேப்', 'ஸ்கிரைபஸ்' என்ற மாற்றுகள் உண்டு. ஆனால் கை பழக நாளாகும். டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே வைத்துக்கொள்வது மேல். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும்.

நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தீர்மானங்களும் மனுக்களும் எத்தனை சங்கங்களில் குவிந்து கிடக்கின்றன! அந்த எழுத்துருக் கோப்பு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவைச் சேர்த்தால் படிக்கலாம். யுனிகோடுக்கு மாற்றினால் எந்தக் கணினியிலும் என்றென்றும் படிக்கலாம். லினக்ஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும் செய்தே தீர வேண்டிய வேலை இது. பூட்டிய பெட்டிக்குள் நம் வரலாறு கிடக்கலாமா?

இரண்டு ஊர், இரண்டு பாடம்

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. பத்து ஆண்டு பாடுபட்டு, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2013 இல் பணி முடிந்தது என்றது. 2017 இலோ மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவது என்று அதே நகரமன்றம் வாக்களித்தது! தொழில்நுட்பம் மட்டும் வென்றால் போதாது. பயன்படுத்துவோர் மனமும், ஆட்சியின் உறுதியும் கூடவே நிற்க வேண்டும் என்பது அந்தப் பாடம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், ஏறத்தாழ 30,000 அரசுக் கணினிகளை லிப்ரெ ஆபீஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக 2024 இல் அறிவித்தது.

அடுத்த வீடான கேரளத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் கட்டற்ற மென்பொருளே என்று முடிவு செய்தார்கள். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பாடநூலையே அதற்கேற்ப எழுதினார்கள். 2019 இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகள் லினக்ஸில் ஓடின.

நம் நாட்டிலும் விதை உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. இரண்டு கதவுகள் உள்ள வீடு! எத்தனை வீடுகளில் இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தோம்? கருவியைக் கொடுப்பது பாதி வேலை; கற்றுக்கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் உட்காருவது மீதிப் பாதி. மியூனிக்குக்கும் கேரளத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த மீதிப் பாதியே என்பது நம் கருத்து.

ஆகவே தோழர்களே, தனித்தனியே மல்லுக்கட்ட வேண்டாம். எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். கிளைக்கு ஒரு பழைய கணினி, அதற்கு ஒரு பென் டிரைவ், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆர்வமுள்ள நான்கு பேர் போதும். அவர்களில் கல்லூரியில் படிக்கும் தம்பியோ தங்கையோ ஒருவர் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஒருவர் கற்றதை மூவருக்குச் சொல்லட்டும். மூவரும் ஒன்பது பேருக்குச் சொல்லட்டும். உரிமம் அதைத் தடுக்காது, அதையே வேண்டுகிறது!

விண்டோஸை வெறுக்கச் சொல்லவில்லை நாம். வேலைக்கு அதுவே ஏற்றதென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு வழி இல்லை என்று நினைத்து வைத்துக்கொள்ளாதீர்கள். எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். உயிருள்ள இயந்திரத்துக்கு இறப்புச் சான்று எழுதும் அதிகாரத்தை விற்றவனிடம் விட்டுவிடாதீர்கள்.