கரைய மறுக்கும் சலவைப் பொட்டலம்

துவைத்து எடுத்த கறுப்பு டி-ஷர்ட்டின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. மெஷினைத் திறந்த கையோடு தொட்டால் வழவழவென்று விரலில் ஒட்டுகிறது. காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொருக்காகக் கொஞ்சம் உரியும்; மீதி நூலிழைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு இதோடு ஊதாவிலோ நீலத்திலோ ஒரு வட்டமும் இலவச இணைப்பாகக் கிடைக்கும். ஒரு சலவைக்கு ஒரு பொட்டலம் என்று விற்கப்படும் டிடர்ஜென்ட் ‘பாட்’களைப் பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் இது. பாட் வெடித்த கறையை எப்படி எடுப்பது என்று தயாரிப்பு நிறுவனங்களே வாடிக்கையாளர்களுக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கின்றன.

பாட் என்பது சுமார் 25 கிராம் எடையுள்ள ஒரு குட்டிப் பொட்டலம். தண்ணீரில் கரையும் மெல்லிய உறை. உள்ளே இரண்டு மூன்று அறைகளில் அடர்த்தியான சோப்புத் திரவம், கறை நீக்கி, துணிக்குப் பொலிவு தரும் பொருள்கள். சாதாரண லிக்விட் டிடர்ஜென்ட்டில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். இந்தப் பொட்டலத்தில் தண்ணீர் பத்து சதவீதம் அளவுக்கே இருக்க முடியும். அதற்கு மேல் போனால் உறை உள்ளிருந்தே கரையத் தொடங்கிவிடும். அளக்க வேண்டாம், சிந்தாது, டிரம்முக்குள் போட்டு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது என்பதுதான் இதன் கவர்ச்சி.

இந்த ஆசை பழையது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1960 வாக்கிலேயே ‘சால்வோ’ என்ற சலவை மாத்திரையை அமெரிக்காவில் விற்றது. தூளை அழுத்திச் செய்த வில்லை அது. எழுபதுகளின் இறுதியில் கடைகளிலிருந்து மறைந்தது. 2000இல் அதே நிறுவனத்தின் டைட் பெயரில் மீண்டும் மாத்திரை வந்தது. சுடுநீர் இல்லாவிட்டால் சரியாகக் கரையாததால் இரண்டே ஆண்டுகளில் அதுவும் போயிற்று. திரவத்தை உறைக்குள் அடைத்த பொட்டலங்கள் 2001இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் டைட் பாட்ஸ் அறிமுகமானது 2012 பிப்ரவரியில். அதற்காக அந்த நிறுவனம் எட்டு ஆண்டுகள் உழைத்ததாகவும் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் கொடுத்துச் சோதித்ததாகவும் அப்போது சொல்லப்பட்டது. ஆக, கரையுமா கரையாதா என்ற கேள்வி இந்தத் தொழிலை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் துரத்தி வருகிறது.

உறையின் பெயர் பாலிவினைல் ஆல்கஹால். 1924இல் ஜெர்மனியில் வில்லி ஹெர்மன், வோல்ஃப்ராம் ஹேனல் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய பொருள். தமிழ்நாட்டு நெசவுத் தொழிலுக்கு இது பழக்கமான சரக்குதான். சோமனூர், பள்ளிப்பாளையம் போன்ற விசைத்தறி வட்டாரங்களுக்குப் பாவு தயாரிக்கும் சைசிங் மில்கள் நூலுக்குப் போடும் கஞ்சியில் மாவுச்சத்தோடு சேர்க்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. தறியில் உரசி இழை அறுந்துவிடாதபடி நூலை இறுகப் பற்றிக்கொள்வது அதன் வேலை. நெய்து முடித்த பின் அந்தக் கஞ்சியைப் போக்கத் துணியைச் சுடுநீரில் அலசுகிறார்கள். நூலைப் பற்றிக்கொள்ளும் குணத்துக்காகவே நெசவுக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஒரு பொருளில் சோப்பைப் பொதிந்து, துணிகளுக்கு நடுவே போடுகிறோம். அது எப்போதாவது துணியை விட மறுத்தால் அதில் வியப்பில்லை.

கரைவதும் கரையாததும் தயாரிப்பு முறையைப் பொறுத்தது. பாலிவினைல் அசிடேட் என்ற பொருளிலிருந்து அசிடேட் பகுதியை நீக்கித்தான் இதைச் செய்கிறார்கள். 98, 99 சதவீதம் நீக்கிவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி வரிசையாக அடுக்கிக்கொள்ளும். நன்றாகச் சுட்ட தண்ணீர் இல்லாமல் அந்தக் கட்டு அவிழாது. 88 சதவீத அளவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் அசிடேட் துணுக்குகள் அந்த அடுக்கைக் கலைத்துவிடும். பச்சைத் தண்ணீரிலேயே கரையும். பாட்டுக்குப் பயன்படுவது இந்த இரண்டாம் வகையை ஒட்டிய உறை. ஆனால் ஈரம் போகச் சூடு காட்டினால் கலைந்த மூலக்கூறுகள் மறுபடியும் நெருங்கிக்கொள்ளும். அரைகுறையாகக் கரைந்த உறை ஒட்டிய துணியை உலர்த்தும் மெஷினில் போட்டாலோ, கவனிக்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தாலோ கறை பிடிவாதமாக மாறுவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு எதிரி வெண்காரம், அதாவது போராக்ஸ். பசையில் போராக்ஸ் கரைசலை ஊற்றிப் பிள்ளைகள் ‘ஸ்லைம்’ செய்கிறார்களே, அதே வினைதான் இங்கும் நடக்கும்: போரான் இந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. அமெரிக்க வீடுகளில் சலவைக்கு வலு சேர்க்க ஒரு கரண்டி போராக்ஸ் போடும் பழக்கம் உண்டு. பாட்டோடு சேர்த்துப் போட்டால் அது உதவிக்குப் பதில் உபத்திரவமாகலாம்.

பழி முழுவதையும் உறையின் மேல் போட்டுவிட முடியாது. மெஷின்களும் மாறிவிட்டன. நடுவில் கம்பம் சுழலும் பழைய அமெரிக்க டாப் லோட் மெஷின் ஒரு சலவைக்குச் சுமார் 150 லிட்டர் தண்ணீர் எடுக்கும். இப்போதைய சிக்கன மெஷின்களுக்கு அதில் பாதியே அதிகம். சலவைக்குச் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போகிறது என்பதால் குளிர்ந்த நீரில் துவையுங்கள் என்று அரசும் நிறுவனங்களும் சேர்ந்தே சொல்கின்றன. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் ஜனவரி மாதம் குழாயைத் திறந்தால் தண்ணீர் 5 டிகிரியை ஒட்டி வரும். குறைந்த தண்ணீர், அதுவும் உறைபனிக்கு அடுத்த குளிர்ச்சி, கூடவே அரை மணியில் முடியும் ‘குவிக் வாஷ்’. இந்த மூன்றும் கூடினால் உறை கரைவதற்குள் சலவையே முடிந்துவிடும்.

போடும் இடமும் முக்கியம். பாட் முதலில் காலி டிரம்மின் அடியில் விழ வேண்டும். அதன் மேல்தான் துணி. பலர் துணியைத் திணித்து முடித்துவிட்டு, நினைவு வந்து மேலே ஒன்றை எறிகிறார்கள். ஃப்ரண்ட் லோட் மெஷினில் அப்படி எறிந்தது கண்ணாடிக் கதவுக்கும் ரப்பர் வளையத்துக்கும் இடையே சிக்கி, பக்கத்தில் இருக்கும் ஒரே சட்டையின் மேல் முழுச் சரக்கையும் கக்கிவிடும். தலையணை உறைக்குள் நுழைந்துகொள்வது இன்னொரு வகை: உறையும் அதன் மூலையில் அகப்பட்ட பாட்டும் சேர்ந்து சுருண்டு, உள்ளே தண்ணீர் புகாமலே சுற்றி வரும். சோப்புத் தூள் போடும் இழுப்பறையில் பாட்டை வைப்பவர்களும் இருக்கிறார்கள்; அது அங்கேயே கூழாகித் தங்கிவிடும்.

குழந்தைகளின் விஷயமும் இந்த உறையைத் தொடுகிறது. 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஆறு வயதுக்குட்பட்ட 17,230 குழந்தைகள் பாட்டைக் கடித்தோ விழுங்கியோ கண்ணில் பீய்ச்சிக்கொண்டோ பாதிக்கப்பட்டதாக அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்குத் தகவல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜூன் முதல் விதி கொண்டுவந்தது: உறையில் கசப்புப் பொருள் இருக்க வேண்டும்; அழுத்தினால் எளிதில் வெடிக்கக் கூடாது; 20 டிகிரி தண்ணீரில் போட்டால் குறைந்தது 30 விநாடி உள்ளிருப்பதைக் காக்க வேண்டும். நியாயமான விதி, ஒரு குழந்தையின் கண்ணுக்கு முன்னால் ஒரு சட்டை பெரிதல்ல. ஆனால் உறையைச் செய்பவரின் நிலையை யோசித்தால் பரிதாபமாக இருக்கிறது. ஈரக் கையில் உடனே கரையக் கூடாது, குளிர்ந்த நீரில் மிச்சமில்லாமல் கரைய வேண்டும். இரண்டையும் ஒரே மெல்லிய தோலிடம் கேட்கிறோம்.

கறையின் நிறம் எங்கிருந்து வருகிறது? கண்ணைக் கவரச் சேர்த்த சாயம் ஒரு பகுதி. வெள்ளைத் துணியின் பழுப்பை மறைக்கச் சேர்க்கும் நீல, ஊதாச் சாயங்கள் இன்னொரு பகுதி. நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் இதுவும் ஒரே தத்துவம். நீலத்தை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்காமல் வேட்டியை முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்வதுபோல, கரையாத பாட் ஒரே இடத்தில் நீலத்தைக் கொட்டிவிடுகிறது. இவை தவிர, புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் ஒளிர்வுப் பொருள்களும் உள்ளே உண்டு. வெள்ளைக்கு அவை நல்லது. காக்கி, சந்தன நிறத் துணிகளில் அடர்த்தியாகப் படிந்தால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். துவைத்துப் போக்குவதும் கடினம்.

பிறகு அளவு. சிறிய, நடுத்தரச் சலவைக்கு ஒன்று, பெரியதற்கு இரண்டு, மிகப் பெரியதற்கு மூன்று என்பது டைட் சொல்லும் கணக்கு. நான்கைந்து சட்டைக்கு அரை பாட் போட வழியில்லை. சோப்பு மிஞ்சினால் நுரை மிஞ்சும், அலசல் போதாது, துணி பிசுபிசுக்கும். அதே சமயம் ஒரு வேடிக்கையும் நடந்தது. புட்டியிலிருந்து மூடி நிறைய ஊற்றிப் பழகிய அமெரிக்கர்கள் பாட்டுக்கு மாறியதும் மொத்தத்தில் குறைவாகவே சோப்பு செலவழித்தார்கள். ஆர்ம் அண்ட் ஹாமர் டிடர்ஜென்ட் தயாரிக்கும் சர்ச் அண்ட் ட்வைட் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜேம்ஸ் கிரெய்கி, பாட் இந்தச் சந்தையையே கொன்றுகொண்டிருக்கிறது என்று 2013இல் புலம்பினார். சலவைக்காரருக்கு லாபம், சோப்புக்காரருக்கு நஷ்டம்.

இவ்வளவு சொன்னாலும், பாட் விட்டுச்செல்வது பெரும்பாலும் படிவும் கறையும்தான், இழையை அரிப்பதில்லை. சோப்பே துணியை அரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. 1994 வசந்தத்தில் யூனிலீவர் நிறுவனம் பிரிட்டனில் ‘பெர்சில் பவர்’, நெதர்லாந்தில் ‘ஓமோ பவர்’ என்ற பெயர்களில் புதிய சோப்புத் தூளைப் பெரும் விளம்பரத்துடன் இறக்கியது. குறைந்த சூட்டிலும் கறையை வெளுக்க மாங்கனீஸ் அடிப்படையிலான ஒரு வினையூக்கி அதில் இருந்தது. போட்டியாளரான ப்ராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஆய்வகத்தில் துணிகளைத் திரும்பத் திரும்பத் துவைத்துப் பார்த்துவிட்டு, நைந்து கிழிந்த உள்ளாடைகளின் படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. சில சாயங்களோடு சேர்ந்து அந்த மாங்கனீஸ் இழையையே பலவீனப்படுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. யூனிலீவர் முதலில் மறுத்தது. பிறகு வினையூக்கியின் அளவைக் குறைத்தது. 1995 தொடக்கத்தில் கையிருப்பை ஒதுக்கி 5 கோடியே 70 லட்சம் பவுண்ட் நஷ்டக் கணக்கு எழுதியது. அந்தச் சோப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்த நியால் ஃபிட்ஸ்ஜெரால்டு அடுத்த ஆண்டே நிறுவனத்தின் தலைவரானார். கிழிந்தது உள்ளாடை மட்டும்தான் போலிருக்கிறது.

பாட் கறைக்கு வைத்தியம் எளிது, பார்த்தவுடன் செய்தால். துணியைக் காயவிடாமல், அதன் லேபிள் அனுமதிக்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வழவழப்புப் போகும்வரை விரலால் மெதுவாகத் தேய்த்து அலச வேண்டும். வேறு சோப்புப் போடாமல் தனியாக இன்னொரு முறை மெஷினில் ஓட்டலாம். காய்ந்துவிட்டதென்றால் ஊறவைக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். கறை போய்விட்டது என்று கண்ணால் உறுதி செய்யும்வரை டிரையரும் இஸ்திரியும் கூடாது.

இந்தியாவிலும் பாட் வந்துவிட்டது. ஏரியல், சர்ஃப் எக்செல் பெயர்களில் கடைகளில் கிடைக்கிறது. சென்னைக் குழாய்த் தண்ணீர் அமெரிக்காவின் மினசோட்டா குளிருக்குப் போகாது என்பதால் பாதிப் பிரச்சினை இங்கே இல்லை. மீதிப் பாதி உண்டு: ஏழு கிலோ மெஷினில் போர்வையோடு சேர்த்து வாரத் துணி முழுவதையும் அமுக்குவது, அவசரத்துக்குக் குவிக் வாஷ் போடுவது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் டப்பா மூடியைத் திறந்து வைத்தாலோ ஈரக் கையை விட்டு எடுத்தாலோ பாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். வாளியில் ஊறவைக்க இதை வெட்டிப் பிழிவது ஆபத்து, அடர்ந்த திரவம் கண்ணில் தெறிக்கும்.

பட்டும் கம்பளியும் தனி. கறையைத் தின்னப் பொட்டலத்தில் சேர்க்கும் என்சைம்களில் புரதத்தைச் சிதைக்கும் வகையும் உண்டு. பட்டு இழையே புரதம்தான். பிரிட்டனில் என்சைம் உள்ள ‘பயோ’ சலவைப் பொட்டலங்களைப் பட்டுக்கும் கம்பளிக்கும் போடாதீர்கள் என்று டப்பாவிலேயே எச்சரிக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டை மெஷினில் போடத் துணிபவர் யாரும் இல்லை. ஆனால் பட்டுக் கலந்த குர்தா, கம்பளிச் சால்வை எல்லாம் அழுக்குக் கூடையில் மற்ற துணியோடு கலந்துதான் கிடக்கின்றன. பாட்டைப் போடுவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.