சைனஸ் தொல்லையோடு சீனா போன டாக்டர்... இந்தியாவுக்கு அக்குபஞ்சர் வந்த கதை!

தக்காளி பறித்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியே கழுத்தைத் திருப்ப முடியாமல் போனவர்கள், மூட்டைத் தேய்த்துக்கொண்டே சந்தைக்கு வரும் பாட்டிகள்... தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி பக்கம் வலி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தைலம், மாத்திரை, ஸ்கேன் எல்லாம் பார்த்து அலுத்த பிறகு யாராவது ஒருவர், ‘அக்குபஞ்சர் போய்ப் பாரேன்’ என்பார்.

சீன வைத்தியம்தான். ஆனால், அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்து பரப்பிய முன்னோடி ஓர் அலோபதி டாக்டர். கொல்கத்தாவைச் சேர்ந்த பிஜோய் குமார் பாசு.

1938. சீனாவில் ஜப்பான் ராணுவம் குண்டு மழை பொழிந்துகொண்டிருந்தது. டாக்டர்களை அனுப்பி உதவுங்கள் என்று சீனத் தளபதி சூ தே, நேருவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், நிதி தாருங்கள் என்று மக்களிடம் கேட்டார். அடல், சோல்கர், கோட்னிஸ், முகர்ஜி, பாசு என ஐந்து டாக்டர்கள் அந்த செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறினார்கள்.

கோட்னிஸ் திரும்பவே இல்லை. 1942-ல், 32 வயதில் சீனாவிலேயே இறந்தார். அவர் கதையை 1946-ல் சாந்தாராம் சினிமாவாக எடுக்க, நாடே அவரைத் தெரிந்துகொண்டது. 1943-ல் ஊர் திரும்பிய பாசுவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இத்தனைக்கும், போர்க்காலத்தில் அவர் அங்கே செய்தது நவீன மருத்துவம்தான். ஊசி அவர் கைக்கு வந்தது 1950-களின் கடைசியில், மறுபடி சீனா போனபோது. நாள்பட்ட சைனஸ் தொல்லை அவருக்கு. அங்கே அக்குபஞ்சர் சிகிச்சை எடுத்தார், குணம் தெரிந்தது. சிகிச்சையோடு நிற்காமல் அந்த வைத்தியத்தையே கற்றுக்கொண்டு கொல்கத்தா திரும்பினார். நோயாளிகளுக்கு ஊசி குத்தியதோடு மற்ற டாக்டர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1986-ல் இறக்கும்வரை அதுதான் அவர் வேலை.

சரி, இந்த ஊசி வலியை எப்படிப் பார்க்கிறது?

வலிக்கிற இடத்திலேயே குத்த வேண்டும் என்பதில்லை. தலைவலிக்கும் பல்வலிக்கும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நடுவே உள்ள ‘ஹெகு’ புள்ளியில் குத்துவார்கள். (கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளியைத் தவிர்ப்பது வழக்கம்.) ஊசி மிக மெல்லியதுதான். உள்ளே போனதும் அந்த இடம் கனத்து, மரத்தது போல இருக்கும். சீனர்கள் அதை ‘தே சி’ என்கிறார்கள். சுமார் 20, 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

உடம்பில் ‘சி’ என்ற சக்தி ஓடுகிறது, அது தடைபட்டால் வலி என்பது பழைய விளக்கம். அந்தச் சக்தியை எந்த மைக்ரோஸ்கோப்பிலும் யாரும் பார்த்ததில்லை. ஊசி நரம்புகளைத் தூண்ட, உடம்பே ‘எண்டார்ஃபின்’ என்ற வலி நிவாரணியைச் சுரக்கிறது என்பது 1970-களின் ஆய்வுகள் தந்த விளக்கம். எண்டார்ஃபினைத் தடுக்கும் நாலாக்சோன் மருந்தைக் கொடுத்ததும், ஊசி தந்த நிவாரணம் குறைந்ததை வைத்து இதைச் சொன்னார்கள்.

பலன் உண்டா? 39 ஆய்வுகள், 20,827 நோயாளிகளின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. நாள்பட்ட முதுகு, கழுத்து வலி, மூட்டுத் தேய்மானம், தலைவலிக்குப் பலன் தெரிந்தது. ஆனால், பொய்யாகக் குத்திய ஊசிக்கும் நிஜ ஊசிக்கும் இருந்த வித்தியாசம் சின்னதுதான். பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. 2021-ல், வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. டாக்டர்களுக்கே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு மட்டும் செய்யும் முறையும் பரவலாக உண்டு. மேலே சொன்னதெல்லாம் ஊசியை வைத்து நடந்த ஆய்வுகள். தொடுசிகிச்சைக்கு அவற்றைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

2019-ல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பிலும் அக்குபஞ்சர் ஒரு பாடம். அதனால், போகும் முன் என்ன படித்தவர் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். நெஞ்சுவலி, திடீரெனக் கை கால் மரத்துப்போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி என்றால் ஊசியைத் தேடி அலையாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுகர், பிபி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசிகள் ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவை; பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.