கணினியின் சூட்டை எப்படிப் படிப்பது?

மனித உடலுக்கு இயல்பான வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் காய்ச்சல். மேசைக் கணினிக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. பிராசசர் 80 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது என்றால், அது சரியா தவறா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அறை எவ்வளவு சூடாக இருந்தது, கணினி எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும்.

பிராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. 1993-இல் வந்த முதல் பென்டியம் இழுத்தது 15 வாட் அளவில்தான். 2022-இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அத்தனை வெப்பமும் இரண்டரை சதுர சென்டிமீட்டர் சிலிக்கானிலிருந்து வெளியேற வேண்டும். அது முதலில் மேலே உள்ள உலோக மூடிக்கும், அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்குக்கும் போகிறது. எவ்வளவு வழவழப்பான உலோகப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு; அவற்றில் தங்கும் காற்று, தாமிரம் கடத்துவதில் சுமார் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் கடத்தும். அந்தப் பள்ளங்களை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை. ஹீட்சிங்கின் குழாய்களுக்குள் இருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகி, வெப்பத்தை அலுமினியத் தகடுகளில் இறக்கிவிட்டு, குளிர்ந்து திரும்புகிறது. தகடுகளில் சூடான காற்றைக் கேபினெட் விசிறிகள் அறைக்குள் தள்ளுகின்றன. மொத்தம் 300 வாட் வெளிவிடும் கேபினெட்டில் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று ஓடினால் அது சுமார் 15 டிகிரி சூடாகும். இரண்டு கன மீட்டர் ஓடினால் ஏழரை டிகிரிதான். இந்த வழியில் எங்கேயும் வெப்பம் அழிவதில்லை, கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சில டிகிரி வித்தியாசம் தேவை. எல்லா வித்தியாசங்களும் அறையின் வெப்பநிலைமேல் ஏறி நிற்கின்றன. 25 டிகிரி அறையில் 75 காட்டும் பிராசசர், அதே வேலையை மே மாத மதியம் 37 டிகிரி அறையில் செய்தால் 87-ஐ ஒட்டிக் காட்டும். அதனால் கணினியில் கோளாறு வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

பிராசசர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும் காலத்தில் கண்காணிப்பு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம், ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் ஹீட்சிங்கைக் கழற்றிக் காட்டியது: ஏஎம்டியின் அத்லான் புகைந்து போனது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய பிராசசர்கள் எல்லாம் இரண்டாவது வகை. பல இன்டெல் சில்லுகளுக்கு வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. ஆகவே எரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் இந்தக் காவல் சில்லைத்தான் காக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் காக்காது. தகடுகளில் தூசி அடைத்தாலும் விசிறி நின்றாலும் கணினி சத்தமில்லாமல் மெதுவாகிவிடும். அந்த ரைசன்களில் உயர்ரகச் சில்லுகள் கனமான வேலையில் 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தைக் கூட்டும்படியே வடிவமைக்கப்பட்டவை. நல்ல கூலரும் மட்டமான கூலரும் அங்கே ஒரே எண்ணைக் காட்டக்கூடும், மாறுவது கிகாஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு, மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களுக்கு இந்தக் காவல் இல்லை. சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு.

எனவே குறித்து வைக்க வேண்டியது, அறைக்கும் பிராசசருக்கும் உள்ள வித்தியாசம். கணினி நன்றாக இருக்கும்போதே ஒரு கனமான வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு, இரண்டு வெப்பநிலைகளையும் வேகத்தையும் விசிறியின் சுற்றையும் எழுதிக்கொள்ளலாம். பிராசசரின் வெப்பநிலையையும் விசிறியின் சுற்றையும் விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் காட்டும். சில மாதம் கழித்து அதே வேலையை அதே வேகத்தில் செய்யும்போது 45 டிகிரியாக இருந்த வித்தியாசம் 60 ஆகியிருந்தால் பழுது உண்டு. பிராசசர் மட்டும் ஏறியிருந்தால் அதன் விசிறி, தூசி, பேஸ்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மதர்போர்டும் டிஸ்க்கும் சேர்ந்து ஏறியிருந்தால் கேபினெட்டின் காற்றோட்டத்தை.

பக்கக் கதவைக் கழற்றிவிட்டால் போதாதா? கழற்றியதும் சூடு சட்டென்று இறங்கினால், கேபினெட் மூச்சுத் திணறியிருக்கிறது என்று பொருள். சோதனைக்கு அது நல்ல வழி; நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொண்டால் முன்னிருந்து பின்னே போகும் காற்றின் ஓட்டம் கலைந்து, வடிகட்டி இல்லாமல் தூசியும் சேரும். தண்ணீர்க் கூலரோ வெப்பத்தைப் பெரிய ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. 250 வாட் சில்லுக்கு அது உதவும், 65 வாட் சில்லுக்கு அவசியமில்லை. அந்த ரேடியேட்டரும் அறைக் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. அதைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க அதனால் முடியாது. கோடையில் எண் ஏறியும் வித்தியாசம் மாறவில்லை என்றால், புதுக் கூலருக்குச் செலவழிக்குமுன் சன்னலையும் கணினி இருக்கும் மூலையையும் கவனிப்பதே சரி. இந்தக் கணக்கில், சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி எந்த மென்பொருளுக்கும் குறைந்த கருவி இல்லை.