காங்கயம் காளையின் குணம் எங்கிருந்து வந்தது?

ஒரு விலங்கைப் பழக்குவதும் அதன் இனத்தையே வீட்டு விலங்காக்குவதும் வெவ்வேறு காரியங்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கோழிகமுத்தி முகாமில் உள்ள யானைகள் பாகனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டாலும், அவற்றின் பின்னால் மனிதன் தேர்ந்தெடுத்து இணைசேர்த்த தலைமுறைகள் இல்லை. ஏறக்குறைய 22 மாதம் சினை சுமக்கும் விலங்கிடம் அப்படியொரு தேர்வை நடத்துவது எளிதும் அல்ல. திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம் மாடு இதற்கு நேர் எதிரானது.

எல்லா விலங்கும் கட்டுத்தறிக்கு வந்துவிடாது என்பதை 1865-இலேயே பிரான்சிஸ் கால்டன் விளக்க முயன்றார். மனிதனிடம் பிறவியிலேயே நாட்டம், கூட்டமாக வாழும் இயல்பு, அடைபட்ட நிலையிலும் இனம்பெருக்குதல் ஆகியவை அவர் வகுத்த நிபந்தனைகளுள் அடங்கும். கூட்டத்துக்குள் மூத்தது இளையது என்ற வரிசைக்கு அடங்கும் விலங்கு, அந்த வரிசையின் தலையில் மனிதன் வந்து நின்றாலும் அடங்குகிறது. திமில் மாட்டின் மூதாதையான காட்டு மாட்டிடம் இவ்வியல்பு இருந்ததால்தான், பலூசிஸ்தானத்தின் மெஹர்கர் பகுதியில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அது மனிதனோடு சேர முடிந்தது.

அடங்குதல் தொடக்கம் மட்டுமே. அதன்பின் எந்தக் குணம் வளரும் என்பதை வேலை தீர்மானிக்கிறது. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. வடக்கயிற்றில் கட்டிய ‘சால்’ என்னும் நீர்ப்பாத்திரத்தை இழுத்தபடி சரிவில் இறங்கும் இரு காளைகள், தும்பி எனப்படும் தோல்குழாய் வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும், திரும்பாமல் பின்னோக்கியே மேடேற வேண்டும். கவலை எனப்படும் இந்த இறைப்பில், முதுகுப்புறம் என்ன இருக்கிறது என்று பாராமல், ஓட்டுபவரின் குரலை மட்டும் நம்பிப் பின்வாங்கும் பொறுமை எல்லா மாட்டுக்கும் வாய்ப்பதில்லை. மிரளும் காளை காயடிக்கப்பட்டோ விற்கப்பட்டோ போயிருக்கும், இணங்கியதன் வழியே கன்றுகள் பெருகியிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொலிகாளைகளைத் தேர்ந்து இவ்வினத்தை மேம்படுத்தியது தனி அத்தியாயம்.

மேய்ச்சல் முறைக்கும் இதில் பங்குண்டு. கிளுவை உயிர்வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த, கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் மேய்ப்பவர் இன்றித் தாமே மேய்கின்றன. வேலியைத் தாண்டத் துடிக்கும் மாட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் மனிதன் கைபடாததால் மந்தையின் சுயபுத்தி மங்கிவிடவும் இல்லை. மதுரை, சிவகங்கைப் பக்கம் ஊர் ஊராகக் கிடை போடப்படும் புலிக்குளம் மாடு, அதே திமில் குடும்பத்தில் பிறந்தும், அந்நியரைக் கண்டால் பாயும் முரட்டுத்தனத்தைத் தக்கவைத்து ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனதாக இருக்கிறது.

சந்தையில் பல்லைப் போலவே சுழியும் பார்த்து மாடு வாங்குவது வழக்கம். ராசி பற்றிய சுழிக் கணக்குகள் பெரும்பாலும் நம்பிக்கையே. எனினும் கண்மட்டத்துக்கு மேலே நெற்றிச்சுழி உள்ள மாடுகள் கட்டுண்ட நிலையில் அதிகம் பதறுகின்றன என்று அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் 1995-இல் பதிவு செய்தது, சுழி பார்க்கும் பழக்கத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட இயலாதபடி செய்கிறது.

1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் மின் இறைப்பான்கள் கவலையின் இடத்தைப் பிடித்தன, டிராக்டர் ஏரின் இடத்தைப் பிடித்தது. பால் குறைவான இனம் என்பதால் தொழுவத்திலும் கலப்பினம் முந்திக்கொண்டது. இன்று ரேக்ளா பந்தயத்துக்காக வளர்க்கப்படும் காங்கயம் காளைகளிடம் கேட்கப்படுவது வேகம்; பின்னோக்கி நடக்கும் பொறுமையை எந்த வாங்குபவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.