புதிதாய் வந்த நாய்க்குட்டியும் கழிச்சலும்

தோட்டக் காவலுக்கென வாங்கி வந்த நாய்க்குட்டி திண்ணையில் அசுத்தம் செய்தால் அடிக்காதீர்கள். அடிபட்ட குட்டி ஒளிந்து கழிக்கப் பழகுமே தவிரத் திருந்தாது. தூங்கி எழுந்ததும், தீனி தின்றதும் ஒரே மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய வாடையே இடத்தைக் காட்டிவிடும்.

மலம் இளகினால் தீனி மாறியது காரணமாக இருக்கலாம். முன்பு தின்று பழகியதையே கொடுத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக உங்கள் வீட்டுச் சோற்றுக்கு மாற்றுங்கள். பாசத்தில் பசும்பாலை ஊற்றி ஊற்றிக் கழிச்சலை வளர்ப்பவர்களும் உண்டு! குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

வாந்தியுடன் இரத்தக் கழிச்சல் கண்டால் அது பார்வோ என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். கைவைத்தியம் பார்க்காமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் தடுப்பூசிகளைப் போட்டு முடிக்காத வேறு குட்டியை அவ்விடத்தில் விடக் கூடாது.