சீட்டுக்கு ஒரு கூலி!

இங்கிலாந்து நாட்டுக் கடைத்தெரு ஒன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள். பேருந்துக்காகக் காத்து நிற்கிறார் ஒரு முதியவர். சிகரெட்டு முடிகிறது, துண்டு கீழே விழுகிறது. விழுந்ததுதான் தாமதம், சீருடை அணிந்த ஒருவர் எதிரே வந்து நிற்கிறார்! மார்பிலே காமிரா, கையிலே தண்டச் சீட்டு. "பெயர் என்ன? விலாசம் என்ன?" சொல்ல மறுத்தால் அதுவும் ஒரு குற்றம்!

தெருவிலே குப்பை போடுவது குற்றம்தான். நாம் அதை மறுக்கவில்லை. தெரு பொதுச் சொத்து. அதை அழுக்காக்கும் உரிமை கோமானுக்கும் இல்லை, கூலிக்காரனுக்கும் இல்லை. நாம் கேட்பது வேறு. சீருடை போட்டு நிற்கிறாரே, அவர் யார்? நகராட்சி மன்றத்தின் ஊழியரா? பல ஊர்களிலே இல்லை! ஒப்பந்தம் எடுத்த தனியார் கம்பெனியின் ஆள்! அந்தக் கம்பெனிக்கு மன்றம் மாதச் சம்பளமா தருகிறது? பல ஒப்பந்தங்களிலே அதுவும் இல்லை. சீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு!

ஏன் இந்த ஏற்பாடு? காரணம் கணக்கிலே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, குப்பை போட்டவர் தண்டச் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாவிட்டால் நீதிமன்றம், அங்கே 2,500 பவுன் வரை அபராதம். நீதிமன்றம் விதிக்கும் அபராதம் மைய அரசின் கருவூலத்துக்குப் போகிறது. சீட்டுப் பணமோ மன்றத்துக்கு வருகிறது! 2018இல் 150 பவுனாக இருந்த சீட்டின் உச்சவரம்பு, 2023இல் 500 பவுனாயிற்று. 2010க்குப் பிறகு அரசு மானியத்தை வெட்டிக்கொண்டே போக, ஆட்குறைப்புச் செய்து தவித்த மன்றங்களிடம், "உங்களுக்கு ஒரு காசு செலவில்லை, காவலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்தவரை வேண்டாமென்று சொல்ல மனம் வருமா? அந்த மன்றத்தாரை முழுக்கக் குறை சொல்லவும் நமக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள்! சீட்டு எழுதினால் ஊழியருக்கு ஊக்கத்தொகை என்ற செய்தியை 2017இல் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி அம்பலமாக்கிற்று. சீட்டு வருமானத்துக்கு வழியாகக் கூடாது என்கிறது அரசின் நெறிமுறை. 2024 ஏப்ரல் முதல் சீட்டுப் பணத்தைத் துப்புரவுக்கும் அமலாக்கத்துக்குமே செலவிட வேண்டும் என்று விதியும் வந்தது. நல்ல விதி! ஆனால் கம்பெனிக்குத் தரும் பங்கும் அமலாக்கச் செலவுதானே?

பகலிலே முதியவர் போட்ட துண்டு பிடிபடுகிறது. இரவிலே லாரி வருகிறதே, அதை யார் பிடிப்பது? இடிந்த கட்டடத்தின் கல்லும் மண்ணும், கிழிந்த மெத்தையும், உடைந்த பெட்டியும் ஊர்க்கோடியிலே கொட்டப்படுகின்றன. 2023-24ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மன்றங்கள் பதிவு செய்த இத்தகைய நிகழ்ச்சிகள் 11 இலட்சத்துக்கும் மேல்! இதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை ஐந்தாண்டுச் சிறைவரை. ஆனால் அந்த ஆண்டிலே நீதிமன்றம் அபராதம் விதித்தவை இரண்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. லாரியைப் பிடிக்க இரவெல்லாம் விழிக்க வேண்டும், குப்பையைக் கிளறி விலாசம் தேட வேண்டும், வண்டி எண்ணைத் துருவ வேண்டும், சாட்சி திரட்ட வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற, மன்றத்துக்குப் பதில் சொல்லும் ஊழியன் செய்யக்கூடிய வேலை அது. சீட்டுக் கணக்கிலே கூலி வாங்குபவன் ஏன் செய்வான்? பேருந்து நிறுத்தம் இருக்கிறதே அவனுக்கு!

அது இங்கிலாந்துக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நம் சென்னை மாநகராட்சி 1688இல் பிறந்ததே ஒரு கம்பெனியின் ஆட்சியிலேதான்! 2000ஆம் ஆண்டிலேயே சென்னையின் சில வட்டாரங்களிலே துப்புரவு தனியார் கைக்குப் போயிற்று. உடனடி அபராதத்துக்கு உள்ளாட்சிகள் வழி செய்ய வேண்டுமென்று 2016இல் வந்த திடக்கழிவு விதிகள் கூறின. விளக்குமாறு போன வழியிலே சீட்டும் போக எத்தனை நாள் ஆகும்?

ஆங்கிலேயரிடம் கடன் வாங்குவதென்றால் அதே சட்டத்தின் வேறு இரண்டு பிரிவுகளை வாங்கலாம் என்போம். 89ஆம் பிரிவு, பொது இடத்தைக் குப்பையின்றி வைத்திருப்பது மன்றத்தின் கடமை என்கிறது. 91ஆம் பிரிவு இன்னும் சுவையானது. தெரு நாறுகிறதா? சாதாரணக் குடிமகன் ஒருவன் மன்றத்துக்கு ஐந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தின் படியேறலாம். நியாயம் அவன் பக்கம் என்றால் அவன் செலவையும் மன்றத்தின் தலையிலே போடலாம். "அகற்று" என்ற ஆணைக்கு மன்றம் கீழ்ப்படியாவிட்டால் அபராதம். எவ்வளவு? துண்டைப் போட்ட முதியவருக்கு எவ்வளவோ, அதே 2,500 பவுன் வரை! அதற்குப் பிறகும் கூட்டாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 125 பவுன்!